நார்மண்டிப் புல்வெளிக்கு எத்தனை ஆங்கிலம்?

கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் 1886இல் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதன்பின் ஜெரார்டு ஹாப்கின்ஸ், ஆலன் ரஸ்ஸல், ஃபிரான்சிஸ் ஸ்டீக்முல்லர், ஜெஃப்ரி வால், லிடியா டேவிஸ், ஆடம் தார்ப் என்று வரிசை நீண்டுகொண்டே போய், இன்று அந்த ஒரு நாவலுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. இவற்றை அருகருகே வைத்துப் படிக்க நினைப்பவருக்கு நல்ல இடம், நாவலின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் யோன்வில் என்ற ஊர் அறிமுகமாகும் பக்கங்கள். அங்கே யாரும் பேசுவதில்லை, எதுவும் நடப்பதில்லை. ஒரு சாலை, ஒரு சிற்றாறு, ஒருபுறம் மேய்ச்சல் நிலம், மறுபுறம் உழுத நிலம், அவ்வளவே. தனக்கென்று ஒரு முகம் இல்லாத நிலம் என்று ஃப்ளோபேரே அதைப் பழிக்கிறார். அந்த முகமற்ற நிலத்துக்கு ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் ஒவ்வொரு முகம் கொடுத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு உரைநடை நிலத்தை வருணிக்கும்போது கவிதையின் பக்கம் சாய்வதில் அதற்குக் கூச்சமே இல்லை. அதே வருணனை ஆங்கிலத்துக்கு வரும்போது இரண்டில் ஒன்று நேர்கிறது என்பது பழைய முறையீடு: ஒன்று, பகட்டாக ஒலிக்கிறது, அல்லது பகட்டைக் கழித்தபின் பயணக் கையேடு போல வறண்டுவிடுகிறது. பிரெஞ்சு நிலத்தை ஆங்கிலமாகவே ஒலிக்கும்படி சொல்ல முடியுமா, சொன்னால் எதை விட்டுக்கொடுக்க நேரும் என்ற கேள்விக்கு மூன்று நூற்றாண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பல, கேள்வியின் ஒரு பகுதியை மட்டுமே தொட்டவை.

இயல்பே முதன்மை என்போர்

மூத்த விடை ட்ரைடனுடையது. 1680இல் ஓவிடின் மடல்களுக்கு எழுதிய முன்னுரையில் மொழிபெயர்ப்பைச் சொல்லுக்குச் சொல், கருத்துக்குக் கருத்து, தழுவல் என்று அவர் மூன்றாகப் பிரித்தார். நடு வழியே நல்வழி என்றார். 1697இல் வர்ஜிலை ஆங்கிலமாக்கியபோது இன்னும் தெளிவாகச் சொன்னார்: வர்ஜில் இங்கிலாந்தில், ட்ரைடனின் காலத்தில் பிறந்திருந்தால் எந்த ஆங்கிலம் பேசியிருப்பாரோ அதைப் பேசவைக்கவே தான் முயன்றதாக. மொழிபெயர்ப்பு, மூலம் எழுதப்பட்டபோது இருந்த சரளத்தோடு இருக்க வேண்டும் என்று 1791இல் டைட்லர் அதை ஒரு விதியாகவே ஆக்கினார். 1931இல் ஆக்ஸ்ஃபோர்டில் உரையாற்றிய ஹிலேர் பெலக் இந்த மரபின் வாரிசு. பிரெஞ்சுத் தந்தைக்கு பிரான்ஸில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு தனி எடை இருந்தது. சொல்லையோ வாக்கியத்தையோ பெயர்க்காதீர்கள், பத்தி பத்தியாகப் பெயருங்கள். மரபுத்தொடருக்கு மரபுத்தொடர் வையுங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம்.

இக்கட்சியின் வலிமை இலக்கியத்தில் தெரிவதைவிடச் சுற்றுலாத் துண்டறிக்கைகளில் நன்றாகத் தெரியும். பிரான்ஸில் தோப்புக்குள் அமைந்த எந்தக் கிராமத்தையும், எந்த விடுதியையும் ‘எக்ரேன் தெ வெர்தூர்’ என்று எழுதிவிடுவார்கள். நேர்ப்பொருள் ‘பசுமையின் நகைப்பெட்டி’. பிரெஞ்சுக்காரர் கண்ணில் அந்த நகைப்பெட்டி படுவதே இல்லை. தேய்ந்த நாணயம் அது. அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் பெட்டி திறந்து நகைகள் பளபளக்கத் தொடங்கிவிடும். ஆகவே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மரங்கள் சூழ்ந்த ஊர் என்ற அளவில் முடித்துக்கொள்கிறார்கள். சரியான முடிவுதான். செத்துப்போன உருவகத்துக்கு உயிர் கொடுப்பதும் பிழையே. கோட் தாஸூர் என்ற பெயருக்கும் இதே கதை. ஸ்தெஃபான் லியேஜார் 1887இல் வெளியிட்ட நூலின் வழியாக பிரெஞ்சில் நிலைத்த பெயர் அது. ஆங்கிலேயர்கள் அதை மொழிபெயர்க்க மெனக்கெடவில்லை. இத்தாலியச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு ‘பிரெஞ்சு ரிவியேரா’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் செத்த உருவகத்துக்குப் பொருந்தும் வைத்தியம் உயிருள்ளதற்குப் பொருந்தாது. பிரெஞ்சில் நிலம் தானாக எதையாவது செய்துகொண்டே இருக்கும். சமவெளி தன்னை விரித்துக்கொள்ளும், குன்று நிமிர்ந்து நிற்கும், ஊர் மடியில் ஒடுங்கிக்கொள்ளும், பாதை காட்டுக்குள் தன்னைப் புதைத்துக்கொள்ளும். இவற்றில் பெரும்பாலானவை வெறும் இலக்கணப் பழக்கம். அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு ஜான் ஜியோனோ 1929இல் ‘கொலின்’ நாவலை எழுதினார். நான்கைந்து வீடுகள் கொண்ட மலையூர். ஊற்று வறண்டுபோகிறது, குழந்தை நோயில் விழுகிறது, தீ பரவுகிறது. குன்று உயிருள்ள விலங்கு, தம்மீது பகை கொண்டிருக்கிறது என்று ஊரார் நம்பத் தொடங்குகிறார்கள். இங்கே குன்று ‘நிமிர்கிறது’ என்பதைப் பழக்கமான சொல்லாட்சி என்று எண்ணி ஆங்கிலத்தில் சமன்செய்தால் வருணனையோடு கதையும் போய்விடும். எந்த உருவகம் செத்தது, எது மூச்சுவிடுகிறது என்பதற்கு இயல்புக் கட்சியிடம் அளவுகோல் இல்லை. பிரெஞ்சில் எவ்வளவு படித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஊகமாகவே நிற்கிறது.

எழுத்தை விடாதவர்கள்

எதிர்க்கட்சியின் முன்னோடி, சற்றே வேடிக்கையாக, பிரெஞ்சு நிலவருணனையின் பெரும் ஆசான்களில் ஒருவர். ஷதோப்ரியான் புரட்சிக்குத் தப்பி 1793 முதல் 1800 வரை இங்கிலாந்தில் வறுமையில் வாழ்ந்தவர். 1836இல் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’டை உரைநடையில், வரியோடு ஒட்டிய சொல்லுக்குச் சொல்லாகப் பிரெஞ்சில் தந்தார். பிரெஞ்சு இலக்கணம் நோகும் இடங்களிலும் பின்வாங்கவில்லை. மூலத்தைச் செப்பனிட்டு, நகை பூட்டி அனுப்பும் வழக்கம் பிரான்ஸில் ஊறியிருந்தது; பதினேழாம் நூற்றாண்டில் பெரோ தாப்லாங்கூரின் மொழிபெயர்ப்புகளை வைத்து மெனாஜ் அடித்த கேலியிலிருந்துதான் ‘அழகிய துரோகிகள்’ என்ற பட்டமே பிறந்தது. அந்த வழக்கத்துக்கு நேர் எதிரான செயல் ஷதோப்ரியானுடையது.

கோட்பாடாக இதை வகுத்தவர் ஷ்லையர்மாகர். 1813இல் பெர்லினில் அவர் ஆற்றிய உரை இரண்டே பாதைகளைக் காட்டியது: எழுத்தாளரை இருக்குமிடத்தில் விட்டு வாசகரை அவரிடம் கொண்டுபோவது, அல்லது வாசகரை இருக்குமிடத்தில் விட்டு எழுத்தாளரை அழைத்துவருவது. அவர் மனம் முதல் பாதையின் பக்கம். 1985இல் அந்துவான் பெர்மான், மொழிபெயர்ப்பு மூலத்தைச் சிதைக்கும் வழிகளைப் பட்டியலிட்டார். தெளிவாக்குதல், நீட்டுதல், மேன்மைப்படுத்துதல், தாளத்தை உடைத்தல் என்று போகும் அப்பட்டியலை நிலவருணனை மொழிபெயர்ப்பு எதிலும் பொருத்திப் பார்க்கலாம், நான்கைந்தாவது அகப்படும். பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் லாரன்ஸ் வெனுட்டி, சரளமான ஆங்கிலம் என்ற எதிர்பார்ப்பே பிறமொழிப் பண்பாடுகளை விழுங்குகிறது, மொழிபெயர்ப்பாளரையும் கண்ணுக்குத் தெரியாதவராக்குகிறது என்று வாதிட்டார்.

இவ்வாதத்தின் அறச்சாய்வு கவர்ச்சியானது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃப்ளோபேரின் வாக்கியம் பிரெஞ்சு வாசகருக்கு அந்நியமாக ஒலித்ததில்லை. புதிதாக ஒலித்திருக்கலாம், அந்நியமாக அல்ல. அதன் சொல்வரிசையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் மூலத்தில் இல்லாத ஒரு விநோதம் ஒட்டிக்கொள்கிறது. அந்த விநோதத்துக்குப் பொறுப்பு பிரெஞ்சு மொழியா, ஃப்ளோபேரா என்று ஆங்கில வாசகரால் பிரித்தறிய முடியாது. எழுத்தை விடாதவர்கள் காப்பாற்ற நினைப்பது எழுத்தாளரின் தனித்தன்மையை. பல இடங்களில் காப்பாற்றப்படுவது பிரெஞ்சு இலக்கணம்.

இன்னொன்றும் உண்டு. ‘அந்நிய நிலம்’, ‘உள்ளூர் மொழி’ என்ற எல்லைக்கோடு இரு கட்சிகளும் நினைக்கும் அளவுக்கு நேரானதல்ல. ஷதோப்ரியான் 1801இல் வெளியிட்ட ‘அத்தலா’வின் மிசிசிப்பி வருணனை பிரெஞ்சு உரைநடையின் சாதனைகளில் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டது. அதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு படித்தது என்ற ஐயத்தை 1899இல் ஜொசெஃப் பெதியே ஆதாரங்களோடு எழுப்பினார். ஷதோப்ரியான் எடுத்தாண்ட பயண நூல்களில், அமெரிக்கத் தாவர ஆய்வாளர் வில்லியம் பார்ட்ரம் 1791இல் வெளியிட்ட ஆங்கில நூலும் அடக்கம். அதாவது, அமெரிக்க இயற்கையாளரின் ஆங்கிலக் குறிப்பு பிரெஞ்சில் காவியமாகி, பிறகு ‘கவித்துவமான பிரெஞ்சு வருணனை’யாக ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது.

ரூசோவின் கதை இதைவிடச் சிறியது, கூர்மையானது. அவர் மறைவுக்குப் பின் 1782இல் வெளிவந்த ‘தனிமை நடையாளனின் கனவுகள்’ நூலின் ஐந்தாம் நடையில், சுவிட்சர்லாந்தின் பியேன் ஏரிக்கரையை ‘ரொமாந்தீக்’ என்கிறார். அப்போது பிரெஞ்சுக்கு அது புத்தம்புதிய சொல், ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியரைப் பெயர்த்த லெதூர்னர் 1776இல்தான் அதற்குப் பிரெஞ்சில் வாதாடி இடம் கேட்டிருந்தார். மனிதக் கை படாத, மனத்தை உள்ளிழுக்கும் காட்டழகு என்பது அன்றைய பொருள். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு அதே சொல் கையிலேயே இருக்கிறது. ஆனால் அது தேனிலவு விளம்பரங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரு மொழிகளுக்கு வரைந்த வரைபடம்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மொழியியலாளர்கள் விவாதத்துக்குள் நுழைந்தார்கள். வட அமெரிக்காவில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர்கள் வினேயும் தார்பெல்னேயும் 1958இல் வெளியிட்ட ஒப்பீட்டு நடையியல் நூல், நியூயார்க்கிலிருந்து மான்ட்ரியல் போகும் சாலையின் அறிவிப்புப் பலகைகளில் தொடங்குகிறது. எல்லைக்கு இப்பால் ஆங்கிலம் இயல்பாகச் சொல்வதை அப்பால் பிரெஞ்சுப் பலகை எவ்வளவு செயற்கையாகச் சொல்கிறது என்ற எரிச்சல்தான் தொடக்கப்புள்ளி. மொழிபெயர்ப்புக்கு ஏழு வழிமுறைகளை அவர்கள் பெயரிட்டார்கள். ஆங்கிலம் புலன்களோடு ஒட்டி நிற்கிறது, பிரெஞ்சு ஒரு படி மேலே, கருத்துத் தளத்தில் நிற்கிறது என்ற பிரிவும் அவர்களால் பரவலானது. உயிரற்றவற்றுக்கு உயிருள்ளவற்றின் வினைகளைப் பிரெஞ்சு தாராளமாக வழங்குவதையும் குறித்துவைத்தார்கள்.

இதன் ஒரு பகுதிக்கு உறுதியான ஆதாரம் பின்னால் கிடைத்தது. லியோனார்ட் டால்மி 1985இல் மொழிகளை அசைவைச் சொல்லும் முறைப்படி வகைப்படுத்தினார். பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவற்றில் வினைச்சொல் திசையைச் சொல்லும். எப்படி என்பது வேண்டுமானால் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் வினையே ‘எப்படி’யைச் சொல்லும், திசை சிறு இடைச்சொல்லில் போகும். ஆற்றை நீந்திக் கடந்ததைப் பிரெஞ்சு ‘கடந்தான்’ என்பதில் தொடங்கும், ஆங்கிலம் ‘நீந்தினான்’ என்பதில். டான் ஸ்லோபின் ஆங்கில, ஸ்பானிஷ் நாவல்களை ஒப்பிட்டு, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகும்போது இந்த ‘எப்படி’ உதிர்ந்துவிடுவதைக் காட்டினார்.

நிலவருணனைக்கு இதில் நேரடி விளைவு உண்டு. பிரெஞ்சில் பாதை இறங்குகிறது, ஏறுகிறது, நுழைகிறது. அதே பாதை ஆங்கிலத்தில் வளைந்து நெளியவும் பாயவும் உருளவும் ஆசைப்படும், ஏனென்றால் ஆங்கிலச் சாலைகள் காலகாலமாக அப்படித்தான் எழுதப்பட்டு வருகின்றன. இயல்பான ஆங்கிலத்தைத் தேடும் மொழிபெயர்ப்பாளர், தன்னை அறியாமல், மூலத்தில் இல்லாத வளைவுகளைச் சாலையில் சேர்த்துவிடுகிறார். வறண்டுபோவது மட்டுமே ஆபத்து என்று எண்ணியிருந்த பழைய விவாதம் இதைப் பார்க்கவில்லை.

மறுபக்கம் பெயர்ச்சொல்லின் ஆட்சி. கொன்கூர் சகோதரர்கள் பரப்பிய ‘கலைநடை’, வெள்ளைத் தூண்கள் என்று எழுதாமல் தூண்களின் வெண்மை என்று எழுதும். பொருளுக்கு முன் தன்மை கண்ணில் படும். ஓவியத்தில் இம்ப்ரெஷனிஸம் வளர்ந்த காலத்தின் உரைநடை அது. பிரெஞ்சு நாவலின் நடையைப் பற்றி 1957இல் எழுதிய ஸ்டீஃபன் உல்மன் இந்தப் பெயராக்கத்தை விரிவாகவே ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் இப்படி அடுக்கினால் மூன்றாம் வரியில் மூச்சுமுட்டும். தூண்களை மீண்டும் வெள்ளையாக்கிவிடுவதே வழக்கமான தீர்வு. வாக்கியம் நலமடைகிறது, முதலில் நிறம், பிறகு பொருள் என்ற அந்தக் கண்ணிமைப் பொழுது காணாமல் போகிறது.

மொழியியல் வரைபடத்தின் பலவீனம், அது எளிதில் குணச்சித்திரமாக இறுகிவிடுவது. ஷேக்ஸ்பியரையும் யேட்ஸையும் பிரெஞ்சில் தந்த கவிஞர் ஈவ் பொன்ஃபுவா, ஆங்கிலக் கவிதை உலகைக் காட்டும் கண்ணாடி, பிரெஞ்சுக் கவிதை தன்னில் மூடிய கோளம் என்ற பொருளில் எழுதினார். அழகான பிரிவு, ஆனால் கொலெத்தின் தோட்டங்கள் அதற்குள் அடங்க மறுக்கும். ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி அழைப்பவர் அவர். ஜூலியன் கிராக்கும் அடங்கமாட்டார். லூயி புவாரியே என்ற சொந்தப் பெயரில் பள்ளியில் புவியியலும் வரலாறும் கற்பித்தவர், 1951இல் கொன்கூர் பரிசை மறுத்தவர். ‘குறுகிய நீர்கள்’ நூலில் அவர் எழுதும் ஏவ்ர் ஆறு கனவு போல நகர்ந்தாலும், கரையின் பாறையும் மண்ணும் ஒரு புவியியலாளரின் கண்ணால் பார்க்கப்பட்டவை. விதால் த லா பிளாஷ் 1903இல் எழுதிய பிரான்ஸின் புவியியல் சித்திரத்தை இலக்கியமாகவே படித்த தலைமுறைகள் அங்கே உண்டு. ‘பிரெஞ்சு அருவமானது’ என்பது போக்கு பற்றிய கூற்றாக நிற்கும். தனி எழுத்தாளரிடம் போனால் பாதி நேரம் உடையும்.

காலமும் வரிசையும்

உருவகங்களைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆனால் கடினமான சண்டை உருவகத்தில் நடப்பதில்லை. இலக்கணத்தின் அடித்தளத்தில், குறிப்பாக ஒரு வினைவடிவத்தில் நடக்கிறது. பிரெஞ்சின் ‘ஆம்பர்ஃபே’, முடிவுறா இறந்தகாலம், நிலவருணனையின் முதுகெலும்பு. நடந்து முடிந்த செயலுக்கு ஒரு வடிவம், விரிந்து கிடக்கும் நிலைக்கு இன்னொரு வடிவம் என்று பிரெஞ்சு பிரித்துவைத்திருக்கிறது. ஃப்ளோபேர் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதை 1920 ஜனவரியில் ப்ரூஸ்ட் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஃப்ளோபேருக்கு எழுதத் தெரியுமா என்று அப்போது நடந்த சர்ச்சையில், திபோதேவுக்கு விடையாக எழுதப்பட்டது அது. மனிதர் செய்வதையும் பொருள்கள் கிடப்பதையும் ஒரே காலத்தில் ஓடவிட்டு, உலகைப் பார்க்கும் முறையையே ஃப்ளோபேர் மாற்றிவிட்டார் என்பது ப்ரூஸ்டின் வாதம்.

ஆங்கிலத்தில் இதற்கு நேர் வடிவம் இல்லை. கார்னெலில் ‘மதாம் பொவாரி’யைக் கற்பித்த நபகோவ், எலினோர் மார்க்ஸின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருத்தியே வகுப்பு நடத்தினார். முடிவுறா இறந்தகாலத்தை மொழிபெயர்ப்பாளர்கள் பொருட்படுத்தவே இல்லை என்று குற்றம்சாட்டி, வழக்கத்தைக் குறிக்கும் துணைவினைகளை ஆளுங்கள் என்றார். நாவலின் நாயகி எம்மா மழைநாளில் வழக்கமாகச் செய்தவற்றுக்கு அது பொருந்தும். புல்வெளிக்குப் பொருந்துமா? ஒரு சமவெளி ‘வழக்கமாக விரிந்து கிடக்கும்’ என்றால், சில நாள் சுருட்டிவைத்திருந்தார்களோ என்று தோன்றும். தொடர்வினையும் உதவாது, சாலை ஆற்றோரம் ‘போய்க்கொண்டிருந்தது’ என்றால் ஆங்கிலத்தில் அது தற்காலிக ஏற்பாடு போல ஒலிக்கும். மிஞ்சுவது எளிய இறந்தகாலம். அதில் எம்மா கதவைத் திறந்ததும் நதி வயல்களுக்கு நடுவே ஓடியதும் ஒரே எடை பெறுகின்றன. நபகோவின் கண்டிப்பு நியாயமானது. அவர் எழுதிக்கொடுத்த மருந்து நிலவருணனைக்கு உதவுவதில்லை.

‘எ’ என்ற இணைப்புச்சொல்லிலும் இதே வகைச் சிக்கல். பட்டியலின் கடைசிப் பொருளுக்கு முன் ‘மற்றும்’ வரும் என்று ஆங்கிலக் காது காத்திருக்கிறது. ஃப்ளோபேரிடம் அது பட்டியலை முடிக்க வருவதில்லை, இன்னொரு அலையை எழுப்ப வருகிறது என்று ப்ரூஸ்ட் அதே கட்டுரையில் கவனித்திருந்தார். பதிப்பாசிரியரின் சிவப்பு மை முதலில் தேடிப்போகும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

‘ஓன்’ என்ற பிரதிப்பெயர் அடுத்த முள். யோன்வில் பக்கங்களில் பெருஞ்சாலையை விட்டு விலகி ஊருக்குள் இறங்குவது அதுதான். அது யார்? எவரும், எல்லாரும், வாசகரும், ஊராரும். ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்று வைத்தால் மேட்டுக்குடி வாடை வீசுகிறது, ‘யூ’ என்று வைத்தால் சுற்றுலா வழிகாட்டி கையைப் பிடிக்கிறார், ‘வீ’ என்றால் கதைசொல்லி கூடவே நடந்துவருகிறார், செயப்பாட்டு வினை என்றால் ஊர் காலியாகிவிடுகிறது. நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

வரிசையின் சிக்கல்தான் இவற்றுள் பெரியது என்று தோன்றுகிறது. பள்ளத்தாக்கின் அடியில், இரண்டு நெட்டிலிங்க வரிசைகளுக்கு நடுவே, மின்னிக்கொண்டிருந்தது ஆறு: இப்படி இடத்தில் தொடங்கி எழுவாயில் முடிவது பிரெஞ்சு வருணனைக்கு அன்றாட நடை. கண் முதலில் கீழே இறங்குகிறது, மரங்களைக் கடக்கிறது, ஒரு மினுக்கத்தைப் பிடிக்கிறது. அது ஆறு என்று கடைசியில்தான் தெரிகிறது. இயல்பான ஆங்கிலம் ஆற்றில் தொடங்கும். எல்லாத் தகவலும் வந்துசேரும். பார்த்தல் மட்டும் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்திலும் எழுவாயைப் பின்னுக்குத் தள்ளலாம்தான். ஒரு பக்கத்தில் இரண்டுமுறை செய்தால் நயம், ஐந்துமுறை செய்தால் விக்டோரியா காலத்துச் செய்யுள். சொற்களையும் உருவகங்களையும் தாராளமாக மாற்றிக்கொண்டாலும் நிலம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பொருள்கள் கண்ணுக்குப் படும் வரிசை கலைந்தால் அது வேறு நிலமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பின் அலகு சொல் அல்ல, தாளமே என்று ஆன்றி மெஷோனிக் பல பத்தாண்டுகள் வாதாடியது இதற்கு அருகில் வருகிறது. ஆனால் அவர் தாளம் என்றது எதை, எதையெல்லாம் என்று வரையறுப்பது எளிதாக இல்லை.

பூவும் மரமும்

தாவரப் பெயர்களுக்கு அகராதி உண்டு, ஆகவே அங்கே சிக்கல் இல்லை என்று தோன்றும். பிரெஞ்சு ‘தியேல்’ மரம் பிரிட்டனில் ‘லைம்’. அமெரிக்க வாசகருக்கு அது எலுமிச்சை, அவருக்கு ‘லிண்டன்’ என்று சொல்லியாக வேண்டும். ‘ஜெனே’ என்ற மஞ்சள் பூப்புதர் ஆங்கிலத்தில் ‘ப்ரூம்’, துடைப்பத்துக்கும் அதே பெயர். தெற்கு பிரான்ஸின் கல்லும் நறுமணப் புதர்களும் நிறைந்த ‘கரீக்’, அடர்புதரான ‘மாக்கி’, வேலியிட்ட வயல்களின் ‘பொகாஜ்’ ஆகியவற்றை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. அது சிக்கலைத் தீர்த்ததா, தள்ளிப்போட்டதா என்பது வாசகர் அந்த நிலங்களைப் பார்த்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

ப்ரூஸ்டின் கோம்ப்ரே பக்கங்களில் பூக்கும் ‘ஒபெப்பீன்’ இன்னும் நுட்பமான வழக்கு. மரியன்னையின் மாதமான மே மாதத்தில், தேவாலய பலிபீடத்தில் வைக்கப்பட்ட பூவாகத்தான் கதைசொல்லி அதை முதலில் காதலிக்கிறான். ஆங்கிலத்தில் ‘ஹாத்தார்ன்’, ‘மே’ என்றே ஒரு நாட்டுப்புறப் பெயரும் அதற்கு இருப்பது நல்வாய்ப்பு போலத் தெரியும். ஆனால் அப்பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கேடு என்பது பிரிட்டனின் பழைய நம்பிக்கை. பிரெஞ்சில் பலிபீடத்தில் இருக்கும் பூவை, கிராமத்து ஆங்கிலம் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. எந்த மொழிபெயர்ப்பு முறையும் இதைச் சரிசெய்துவிட முடியாது.

ப்ரூஸ்ட் என்ற சோதனைக்களம்

சி. கே. ஸ்காட் மான்க்ரீஃப் 1922இல் ப்ரூஸ்டின் பெருநாவலின் முதல் தொகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1930இல் இறக்கும்வரை ப்ரூஸ்டிலேயே மூழ்கியிருந்தார். மொத்த நாவலுக்கும் ஷேக்ஸ்பியரின் சானெட் ஒன்றிலிருந்து தலைப்பு எடுத்தார். தன் தலைப்பின் பொருள் அதில் இல்லையே என்ற வருத்தத்தை ப்ரூஸ்ட் அவருக்கே கடிதமாக எழுதினார். சில வாரங்களில், 1922 நவம்பர் 18இல், இறந்துபோனார். மூலத்தைவிட மொழிபெயர்ப்பே தன்னைக் கவர்ந்ததாக ஜோசஃப் கான்ராட் ஸ்காட் மான்க்ரீஃபுக்கு எழுதியது இலக்கிய உலகில் பிரபலம்.

பிற்காலத்தவர் இந்தப் புகழை ஐயத்தோடு பார்த்தார்கள். 1981இல் திருத்திய பதிப்பைத் தந்த டெரன்ஸ் கில்மார்ட்டின், அங்கங்கே ஏறியிருந்த அலங்காரத்தை இறக்கினார். பெங்குவின் ஏழு மொழிபெயர்ப்பாளர்களிடம் ஏழு பகுதிகளைக் கொடுத்து 2002இல் வெளியிட்டது. முதற்பகுதியைப் பெற்ற லிடியா டேவிஸ், சொல்வரிசை, நிறுத்தற்குறி வரை ப்ரூஸ்டை நெருங்கிப் போவதையே கொள்கையாக வைத்தார். பூவும் நீரும் ஒளியும் அவர் கையில் தெளிவடைந்தன என்பவர்களும் உண்டு, விறைத்துவிட்டன என்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு துணைக்கதையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ப்ரூஸ்ட் நாவலாசிரியராகும் முன் ரஸ்கினை மொழிபெயர்த்தவர். 1904இலும் 1906இலும் இரு நூல்கள் வந்தன. அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை. தாயார் நேர்ப்பெயர்ப்பு செய்து கொடுப்பார், மேரி நார்ட்லிங்கர் ஐயம் தீர்ப்பார், ப்ரூஸ்ட் அதைப் பிரெஞ்சு உரைநடையாக்குவார். தேவாலயச் சுவரையும் முட்செடிப் பூவையும் நீண்ட வாக்கியங்களில் அணுகும் அவரது கையில் ரஸ்கினின் பயிற்சி இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கிறார்கள். அப்படியானால் ஸ்காட் மான்க்ரீஃபின் செறிந்த, விக்டோரியச் சாயல் கொண்ட ஆங்கிலத்தை வெறும் பகட்டு என்று தள்ளுவது கொஞ்சம் அவசரம். அவர் ப்ரூஸ்டை ஆங்கிலமயமாக்கினார் என்பதற்கும், அதில் ஏற்கெனவே இருந்த ஆங்கிலத்தை வெளியே எடுத்தார் என்பதற்கும் இடையே தீர்ப்பு சொல்லும் ஆதாரம் போதாது.

கவிஞர்கள் கையில்

கவிஞர்கள் இந்த வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனார்கள். ராபர்ட் லோவெல் 1961இல் பொதலேர், ரேம்போ உள்ளிட்டோரைத் தந்த தன் தொகுப்புக்குத் ‘தழுவல்கள்’ என்றே பெயரிட்டு, தொனிக்காக நேர்ப்பொருளைப் பலிகொடுத்ததை மறைக்காமல் சொன்னார். ஐரிஷ் கவிஞர் டெரிக் மஹோன் 1987இல் ஃபிலிப் ஜக்கொத்தேயின் தேர்ந்த கவிதைகளைத் தந்தார். மஹோனின் ஒளி சில இடங்களில் அயர்லாந்தின் வானிலைக்கு நெருக்கமானது என்று சொன்னால் அது குறையாகாது. ஆனால் ஜக்கொத்தே தெற்கே க்ரின்யானில் 1953 முதல் வாழ்நாள் முழுதும் பார்த்தது அந்த வானிலையை அல்ல.

ஜக்கொத்தேயின் உரைநடையில் உள்ள இடர் வேறு வகை. ஒரு பழத்தோட்டத்துக்கு உவமை சொல்வார், உடனே அதைச் சந்தேகிப்பார், திரும்ப எடுத்துக்கொள்வார். பிரான்சிஸ் போன்ஜ் இன்னும் தீவிரம். 1941இல் மர்செய்யிலிருந்து எக்ஸ் நகருக்குப் பேருந்தில் போகும்போது கண்ட ப்ரொவான்ஸ் வானத்தை அவர் ‘லா முனீன்’ என்ற குறிப்புகளில் மீண்டும் மீண்டும் எழுத முயல்கிறார். தவறிய முயற்சிகளே படைப்பாக நிற்கின்றன. லீ ஃபானஸ்டாக் 2008இல் இதை ஆங்கிலத்தில் தந்தார். இத்தகைய பிரதியில் மொழிபெயர்ப்பாளர் தடுமாற்றத்தைத் தடுமாற்றமாகவே எழுத வேண்டும். இயல்பான ஆங்கிலம் என்ற கோரிக்கை இங்கே அர்த்தமிழக்கிறது, ஏனென்றால் மூலம் இயல்பான பிரெஞ்சைத்தான் முதலில் சந்தேகிக்கிறது.

தீராதவை

மூன்று கட்சிகளும் தத்தம் சான்றுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவை என்பதை மறக்கலாகாது. இயல்புக் கட்சிக்குச் சுற்றுலா அறிக்கை வசதி, எழுத்துக் கட்சிக்குப் போன்ஜ் வசதி, மொழியியலாளருக்கு ஆற்றை நீந்திக் கடக்கும் மனிதர் வசதி. ஃப்ளோபேர், ப்ரூஸ்ட், ஜியோனோ ஆகியோரின் முழுப் பக்கங்களில் மூவருக்கும் வேலை இருக்கிறது, மூவருக்கும் தோல்வியும் இருக்கிறது. ஜியோனோ தானே மெல்வில்லின் ‘மோபி டிக்’கை நண்பர்களோடு சேர்ந்து 1941இல் பிரெஞ்சாக்கியவர் என்பதால், கடலின் ஆங்கிலம் மலையின் பிரெஞ்சுக்குள் எவ்வளவு கசிந்தது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

எந்த ஆங்கிலம் என்பதும் முடிவாகவில்லை. லண்டன் பதிப்பகத்தின் இயல்பும் டேவிஸின் அமெரிக்க இயல்பும் மஹோனின் ஐரிஷ் இயல்பும் ஒன்றல்ல. 1922இன் இயல்பு 1981இல் அலங்காரமாகத் தெரிந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு இந்தச் சிக்கலுக்குள் புதிய நெருக்கடியைக் கொண்டுவந்திருக்கலாம். ஏற்கெனவே உள்ள மொழிபெயர்ப்புகளிலிருந்து கற்கும் கருவி, அடிக்கடி வந்த வழியையே நாடுகிறது; அதன் வெளியீட்டில் சொல்வளம் சுருங்குவதைச் சில ஆய்வுகள் சுட்டியுள்ளன. நிலவருணனைக்கு அது எவ்வளவு தீங்கு செய்யும் என்று சொல்வதற்கு இன்னும் காலம் வரவில்லை.

வெளியீட்டாளர்கள் இதற்கிடையே தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2013 முதல் வில்லியம் கார்ட்டரின் திருத்தங்களோடும் குறிப்புகளோடும் ஸ்காட் மான்க்ரீஃபை மீண்டும் கொண்டுவந்தது; ஆக்ஸ்ஃபோர்டு 2023இல் பிரையன் நெல்சனின் புதிய மொழிபெயர்ப்போடு தன் வரிசையைத் தொடங்கியது. பெங்குவினின் ஏழு பேரும் கடைகளில் இருக்கிறார்கள். ஒரே முட்செடி வேலி மூன்று ஆங்கிலங்களில் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் முன்னுரைகள் ஒரு தனி இலக்கியமாகவே பெருகிவிட்டன. இந்த மூன்றையும் பிரெஞ்சு தெரியாத வாசகர்களிடம் கொடுத்து, அவர்கள் மனக்கண்ணில் எது முதலில் தோன்றியது, எது கடைசியில் என்று கேட்டுப் பார்க்கும் ஆய்வுகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.